வலையின் உள்பக்கம்

ஸ்ரீரங்கத்தின் வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய வரிசை வீடுகளில் பானுப்ரியாவின் வீடும் ஒன்று. ஒரே அறை, மேலே சிமென்ட் ஷீட். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் உள்ளே மூச்சு முட்டும். திறந்துவிட்டால் ஊர்க் கொசுவெல்லாம் வீட்டுக்குள்தான். போன வருஷம் மகள் சுபஸ்ரீ டெங்குவில் விழுந்து பிழைத்தபோது, டாக்டர் பயமுறுத்தித்தான் அனுப்பினார்.

"இன்னொரு தடவை வந்தா இதைவிட மோசமாப் போயிடலாம். கொசு கடிக்காம பாத்துக்குங்க."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கவலையை பானுவின் தங்கை யாழினி தன் தலையில் போட்டுக்கொண்டாள். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, தில்லைநகரில் ஒரு கட்டட கம்பெனியில் பிளான் வரைகிறாள். அடுக்குமாடி வீடுகளில் ஏசி எங்கே வரும் என்று கோடு போடும்போதெல்லாம் அக்கா வீட்டின் அந்த அறைதான் கண்முன் வந்து நின்றது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆற்றைப் பார்த்த சுவரில், தரையை ஒட்டி, ஓட்டை ஓட்டையாக இருக்கும் சிமென்ட் ஜாலி. எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி நீளமாக ஒரு வென்டிலேட்டர். சூட்டுக் காற்று மேலே ஏறி வெளியே போகும். அந்த இடத்துக்குக் கீழிருந்து ஆற்றுக் காற்று வரும். இரண்டுக்கும் சட்டம் அடித்துக் கொசுவலை. வாசலுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் வலைக்கதவு. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, சுவரை உடைத்ததும் பூசியதும் பானுவின் கணவன் வீரமலை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுச் செய்தான்.

"மாமா, ஷீட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல சந்து இருக்கு பாருங்க. அதையும் அடைச்சிடுங்க."

"அடைச்சிட்டேன் தாயி. இனிமே எறும்பு வந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் வரணும்."

சித்திரை வெயிலில் அந்த வீடு ஒன்றுதான் தாங்கியது. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் வெங்காயம் உரிக்கிற சாக்கில் வந்து ஜாலியோரம் உட்கார்ந்துகொள்வாள். சுபா உடம்பெங்கும் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வது நின்றது. "எங்க வீட்ல ஆத்துக் காத்து வருது" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். தெருவில் நாலைந்து பேர் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டார்கள். கம்பெனியில் வரைந்த எதிலும் யாழினிக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை.

ஆடியில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. அந்த வெள்ளத்தில் தெருவுக்கு வரும் குடிநீர்க் குழாய் உடைந்தது. வெள்ளம் வடிந்தும் குழாய் சரியாகவில்லை. லாரி வந்தால்தான் தண்ணீர், அது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. வாசலில் வைத்த தண்ணீரை ராத்திரியோடு யாராவது மொண்டுகொண்டு போய்விடுவார்கள். அதனால் பானு ஒரு நீல டிரம் வாங்கி வீட்டுக்குள்ளேயே பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று பழைய சேலையை மேலே போட்டிருந்தாள். யாழினியும் அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்ததும் சுபாவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்ட அன்று எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆனால் அன்று சாயங்காலமே வயிற்று வலியில் சுருண்டுகொண்டாள். கை கால் சில்லிட்டுப் போயிற்று. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்க யாழினி வீட்டுக்கு வந்தாள். பூட்டியிருந்த அறையில் வென்டிலேட்டர் வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. வலையில் புள்ளி புள்ளியாக என்னவோ ஒட்டியிருந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். காலில் வெள்ளை வரி போட்ட கறுப்புக் கொசுக்கள், டெங்குக் கொசுக்கள். வலைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தன.

எங்கே கிழிந்திருக்கிறதென்று சட்டம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். ஜாலியைத் தடவினாள், கதவைத் தடவினாள். எங்கேயும் கிழிசல் இல்லை. பிறகுதான் பீரோவுக்குப் பின்னால் போய் அந்தச் சேலையை விலக்கினாள். தெளிந்த தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து போயின.

டிரம்மைக் கட்டிப்பிடித்து இழுத்து வந்து வாசலில் கவிழ்த்தாள். சத்தம் கேட்டுப் பவுனம்மாள் ஓடி வந்தாள்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? லாரி வந்து எத்தன நாளாச்சு! இப்படிக் கொட்டுறியே!"

யாழினி ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சுபா மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின், அதற்குமேல் நெஞ்சில் வைத்திருக்க முடியாமல் யாழினி அக்காவிடம் சொன்னாள். "இத்தன கொசுவும் வெளியேருந்து வரலக்கா. கதவு வழியா எப்பவோ வந்த ஒண்ணு டிரம்ல முட்டை வெச்சிருக்கு. மத்ததெல்லாம் உள்ளயே பொறந்து, வெளிய போக முடியாம, அவளயே கடிச்சிருக்கு. நான் அடைச்சதாலதான்."

பானு பீரோவுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். "டிரம்ம உள்ள வெச்சது நானுடி."

"எனக்குத் தோணியிருக்கணும்க்கா."

"விடு. யாரு வெச்சா என்ன." பானு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீரமலை எழுந்து வெளியே போனான். கார்த்திகையில் வீட்டைக் காலி செய்துகொண்டு பானுவும் வீரமலையும் திருவெள்ளறைக்கு, அவன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார்கள்.

சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வந்தபோது, கடைசி வீட்டு அம்மாசி யாழினியை வழிமறித்தான். கைக்குழந்தைக்காரன்.

"அந்தக் காத்து வர்ற மாதிரி எங்க வீட்டுலயும் பண்ணித் தாயேன். புள்ள புழுக்கத்துல கத்துது."

"வேணாம்ணே."

"வந்து பாத்துட்டாவது சொல்லும்மா."

மறுக்க முடியாமல் உள்ளே போனாள். தொட்டிலைச் சுற்றி டிரம், பக்கெட், அண்டா, சோற்றுப் பானை என்று எல்லாவற்றிலும் தண்ணீர். இத்தனைக்கும் மூடி செய்து கொடுத்தாலும், ஒவ்வொரு தடவை மொள்ளும்போதும் யார் திறந்து திறந்து மூடுவார்கள்?

"குழாய்ல தெனமும் தண்ணி வரட்டும்ணே. அப்ப செஞ்சு தரேன்."

அம்மாசி சிரித்தேவிட்டான். "குழாய்ல தெனமும் தண்ணி வர்ற எடத்துல எங்களுக்கு யாரும்மா வீடு குடுப்பா?"

யாழினி தண்ணீரை மூடி வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் அவன் ஜன்னலை இழுத்துச் சாத்தினான். குழந்தை மறுபடியும் கத்த ஆரம்பித்தது.