மறுதொற்று வந்த வழி

அக்காவுக்கு மூன்றாம் முறையாகச் சிரங்கு. குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கும் கை.

"நான் மருந்தை ஒழுங்காப் பூசலையாம், நாளையிலேர்ந்து வர வேணாம்னு மேலாளரம்மா சொல்லிட்டாங்கடி."

மாலை நர்சிங் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை, பையை இறக்காமலே டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தாள். கடைசி வரியில் 'மறுதொற்று' என்றிருந்தது.

"வகுப்புல நடத்தினாங்கக்கா. பழசு அரைகுறையா ஆறித் திரும்ப வந்தா அதுக்கு வேற பேரு. இது, பழசு நல்லாப் போயிட்டு, புதுசா இன்னொருத்தர்கிட்டேர்ந்து ஒட்டினது. நீ மருந்து பூசினதுக்கு இதுவே சாட்சி."

"அந்தம்மாவுக்கு இதெல்லாம் புரியுமா?"

"தேதியோட எழுதித் தரேன்."

எதையும் தேதி போட்டு எழுதாவிட்டால் தங்கைக்குச் சோறு இறங்காது. எழுதியபின் சரிதானா என்று நாலு தரம் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. நின்றபடியே நாட்குறிப்பைப் புரட்டினாள். அக்கா மருந்து பூசிய நாள், துணிகளை வெந்நீரில் அலசிய நாள், டாக்டர் பார்த்து ஆறிவிட்டது என்ற நாள். இரண்டு முறையும் எல்லாம் கச்சிதம். வெள்ளைத்தாளில் வரிசையாக எழுதினாள். பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம்.

"யார்கிட்டேர்ந்துன்னு கேப்பாங்களே? காப்பகத்துல எல்லாரையும் போன வாரமே சோதிச்சாச்சு. ஒருத்தருக்கும் இல்ல."

பேனா நின்றது. நாட்குறிப்பின் அதே பக்கத்தில், அவள் கையெழுத்தில்: 'வீட்டில் எல்லாரும் பூச வேண்டுமாம். மருந்து வகுப்பில் நாற்றம் அடிக்கும். பூசினேன் என்று சொல்லிவிட்டேன்.' வீட்டில் எல்லாரும் என்றால் இரண்டே பேர். இருவருக்கும் ஒரே போர்வை.

விரலிடுக்கு அரித்தது. ஒரு வாரமாகவே அரிக்கிறது. பையின் வாரில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். தாளை மடித்தாள், பிரித்தாள். வாசலைப் பார்த்தாள்.

"என்னடி, பரீட்சை எழுதற மாதிரி முழிக்கிற? பஸ்ஸ விட்டுடப் போற."

தங்கை உட்கார்ந்தாள். கடைசியாக ஒரு வரி சேர்த்துக் கையெழுத்தும் போட்டு நீட்டினாள்: 'தொற்று வந்தது என்னிடமிருந்து. நான் மருந்து பூசவில்லை. இப்படிக்கு, தங்கை.'

அக்கா இரண்டு தரம் படித்தாள்.

"கையக் காட்டு."

காட்டினாள். இடுக்கெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

அக்கா முதலில் தாளைத் தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு மருந்துக் குழாயை எடுத்து வந்தாள்.

"வகுப்புக்கு இன்னைக்கு லீவு. கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் நானே பூசறேன். உன்ன நம்பினது போதும், நர்சம்மா."