ஜென்டிலுக்குக் கொடுத்த வாக்கு

ஆறு கோடையாக மடலென் தன் தம்பி பெட்டிரியோடு பேசவில்லை. அராலார் மலையில் இருவர் குடிசைக்கும் நடுவே நாற்பது எட்டு தூரம்தான். அப்பா செத்ததும், மந்தைக்கு முன்னால் போகும் ஆட்டுக்குக் கட்டும் தலைமணியை அவன் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துத் தன் ஆட்டுக்குக் கட்டிக்கொண்டான். "அவனா வந்து பேசட்டும்" என்று இவள் முறுக்கிக்கொண்டாள். நாளைக்கு மந்தை மலையிறங்குகிறது. அவள் முட்டி இருக்கும் லட்சணத்தில் அடுத்த வருஷம் ஏறப்போவதில்லை. அவன் பேசாமலே போய்விடுவானோ என்று பயந்தாள்.

அன்று பார்த்து மூடுபனி. அவளுடைய பெட்டை ஆட்டுக்குட்டி ஒன்று, ஜென்டில் கல்லறைக்குள் நுழைந்துவிட்டது. ஜென்டில்கள் என்ற அந்தக் காலத்து ராட்சதர்கள் புதைந்த இடம். மேலே பாறைப் பலகை, கீழே இருட்டு. கைத்தடியை வெளியே போட்டுவிட்டு மடலென் தவழ்ந்து போனாள். குட்டி அவளைத் தாண்டி வெளியே ஓடியது. அவள் முட்டியோ மடங்கியபடியே பிடித்துக்கொண்டது.

வேறு வழி? வயிற்றிலிருந்து நீளமாக மலைக்கூவல் விட்டாள். பனியில் கூவல் கேட்டால் பகையாளியானாலும் வந்தாக வேண்டும். அதில் ஒரு சொல்கூட இல்லை, ஆகையால் பேச்சில் சேராது. கெட்டிக்காரி!

பதில் கூவலோடு பெட்டிரி ஓடிவந்தான். அவள் கைத்தடி மட்டும் கிடந்தது. கூவல் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. கல்லறை முன்னால் அவன் தடாலென்று மண்டியிட்டான்.

"ஐயா ஜென்டிலே! உன் கல்லு மேல உக்காந்து ரொட்டி தின்னது தப்புதான். எங்க அக்காவ விட்டுடுய்யா! எனக்கு அவள விட்டா யாரு இருக்கா?"

மடலெனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.

"மணி யாருக்குடா?"

"அவளுக்குத்தான்! சத்தியமா அவளுக்குத்தான்!"

"அப்ப உள்ள வந்து தூக்கு. முட்டி பிடிச்சுக்கிச்சு."

அக்காவின் குரல் பிடிபட்டதும் அவன் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான். பிறகு அவன் தவழ்ந்து வந்து, கக்கத்தில் கைகொடுத்து, திட்டிக்கொண்டே அவளை வெளியே இழுத்துப் போட்டான்.

"அடிப்பாவி! உசிரே போயிடுச்சுடி எனக்கு."

"நீதான் முதல்ல பேசின. அது போதும்டா. மணிய நீயே வச்சுக்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பின்னாலேயே வந்துவிட்ட ஆட்டின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்தான்.

"முடியாது. ஜென்டிலுக்குக் கொடுத்த வாக்கு" என்று அவள் மடியில் வைத்தான். "அந்தாளுக்கும் பாவம், உன்ன மாதிரியே தொண்டை கட்டியிருக்கு."