கடைசிப் பத்தி

கடைசிப் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் செம்மறியாட்டுச் சந்தை விளம்பரம் இருந்தது. பெர்னடெட் பேப்பர் கடை வாசலிலேயே நின்று, தொடர்ச்சியை வேறு பக்கத்தில் போட்டிருப்பார்களோ என்று முடிவுவரை புரட்டினாள். ஃபுட்டி ஆட்ட முடிவுகளும் மரண அறிவிப்புகளும்தான் இருந்தன. அவள் எழுதிய கட்டுரைக்கு மேலே, அவள் வைக்காத ஒரு தலைப்பு பெரிய எழுத்தில் நின்றது: ‘தீக்குச்சி யார் கையில்?’

அந்தக் கை யாருடையது என்று மெரிண்டூ என்ற அந்தச் சிற்றூரில் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலம் தொடங்குமுன் ஓடைக்கரைப் புல்லுக்குத் தன்னார்வத் தீயணைப்புப் படையே நெருப்பு வைக்கும். கோடையில் வரும் நெருப்புக்குத் தின்ன ஒன்றும் இருக்கக்கூடாது என்பதற்காக வருஷாவருஷம் நடக்கிற வேலை. இந்த வருஷம் காற்று திரும்பியது. நெருப்பு ஓடையைத் தாண்டி இரண்டு வைக்கோல் கொட்டகைகளையும் பட்டியில் அடைத்திருந்த ஆடுகளையும் தின்றது. காற்றைப் பற்றிய எச்சரிக்கை காலையிலேயே போனில் வந்திருந்தும் வேலையைத் தொடரச் சொன்னவர் படையின் கேப்டன் ராஸ் டன்ஸ்டன். ஏன் நிறுத்தவில்லை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. படையில் இருப்பவர்கள் எல்லாம் யாருக்காவது மச்சான், யாருக்காவது அண்ணன். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிற பெர்னடெட்தான் கேட்டாள்.

கேட்டது நியாயம் என்று அவள் இப்போதும் நம்பினாள். ஆனால் கட்டுரையின் முதல் வரி இப்படி இருந்தது: ‘தீப்பெட்டியோடு விளையாடாதே என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம், கேப்டன்களுக்கு யார் சொல்வது?’ கடைசிப் பத்தியில் வேறு குரல் இருந்தது. போன கோடையில் தன் வீட்டு வேலிவரை வந்த நெருப்பை, சம்பளம் வாங்காத இதே ராஸ்தான் நின்று அணைத்தார் என்றும், அந்தக் கடனை மறந்து இதை எழுதவில்லை என்றும் சொல்லியிருந்தாள். ஊர் படித்தது முதல் வரியை. கடைசிப் பத்தியை ஊர் பார்க்கவே இல்லை.

நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியர் நெவில் பிரைஸ் சாஸ் வழியும், இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைத் தின்றுகொண்டிருந்தார்.

“விளம்பரம் கடைசி நேரத்துல வந்துச்சு, பெர்னி. வால்ல வெட்டினேன்.”

“அந்த வால்லதானே நெவ் எல்லாம் இருந்தது.”

“பேப்பர்ல எப்பவும் வால்லதான் வெட்டுவோம். முக்கியமானத மேல வைக்கணும். பசங்களுக்குக் கட்டுரை சொல்லிக் குடுக்கறவ நீ, உனக்குத் தெரியாதா?” விரலைத் துடைத்துக்கொண்டார். “வேணும்னா அடுத்த வாரம் ஒரு கட்டம் கட்டி அதைப் போட்டுடறேன். ஒண்ணு சொல்லவா? இந்த வருஷத்துலயே இந்த வாரம்தான் பேப்பர் நல்லா வித்திருக்கு.”

ரொட்டிக் கடையில் இருந்த பெண், வரிசையில் பெர்னடெட்டுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, “உங்களுக்கு என்ன வேணும்?” என்றாள். பெர்னடெட் இன்னும் எதுவும் வாங்கியிருக்கவில்லை. ஜன்னலோர மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது. “பாத்துப் பேசுங்கப்பா. பேப்பர்க்காரம்மா வந்திருக்காங்க.” சிரிப்பு எழவில்லை. சிரித்திருந்தால் அவளும் சிரித்துத் தப்பியிருப்பாள்.

ராஸ் அன்றே கேப்டன் பொறுப்பை விட்டுவிட்டார் என்ற செய்தி மதியத்துக்குள் பள்ளிக்கு வந்தது. அவரிடம் எப்படிப் போய் நிற்பது, என்ன சொன்னால் இது சரியாகும் என்பதைத் தவிர அவளால் வேறெதையும் நினைக்க முடியவில்லை. வகுப்புக்குள் நுழையுமுன் கதவில் கை வைத்து ஒரு நொடி ஜெபித்தாள். பொறுமை வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு அது கருத்துக் கட்டுரைகளைப் பிரித்துப் பார்க்கும் பாடவேளை. யாருக்காக எழுதியது, தொனி என்ன, எந்தச் சொல் வாசகரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று வரிவரியாகச் சொல்ல வேண்டும். நெகிழிப் பைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை அவள் பிரதி எடுத்து வந்திருந்தாள். கரும்பலகையில் ஏற்கெனவே அன்றைய பேப்பரின் பக்கம் ஒட்டியிருந்தது. ராஸின் மகள் டாரா எழுந்து அதன் பக்கத்தில் நின்றாள்.

“பை வேண்டாம் மிஸ். இதைப் பண்ணலாம்.”

“டாரா, உட்காரு.”

“நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பண்றேன். தப்பா இருந்தா திருத்துங்க.” பேப்பரில் விரலை வைத்தாள். “முதல் வரி. பதிலை எதிர்பாக்காத கேள்வி. எழுதினவங்க எடுத்த எடுப்புலயே எங்கப்பாவைக் குழந்தையாக்கிட்டாங்க. குழந்தைகிட்ட யாரும் விளக்கம் கேக்கமாட்டாங்க, அடிப்பாங்க. அப்ப வாசகர் கையில கம்பைக் குடுத்தாச்சு. ரெண்டாவது பத்தி, ‘கருகிய குட்டிகள்’. குட்டிங்க அதுல இல்லவே இல்ல, எல்லாம் வளந்த ஆடு. ‘குட்டி’ன்னு போட்டா அழுகை வரும். உணர்ச்சியத் தூண்டற சொல். சரியா மிஸ்?”

பெர்னடெட் கையிலிருந்த பிரதிகளை மேஜைமேல் வைத்தாள்.

“சரி,” என்றாள் பெர்னடெட்.

“அஞ்சாவது பத்தியில ‘நாம்’னு வருது. அந்த ‘நாம்’ல எங்க வீடு இல்ல.”

“டாரா, கடைசியில இன்னொரு பத்தி இருந்தது. வெட்டிட்டாங்க. அதுல உங்கப்பா எனக்கு என்ன செஞ்சாருன்னு எழுதியிருந்தேன். அடுத்த வாரம் போடறேன்னு சொல்லியிருக்காங்க.”

டாரா கட்டுரைக்கு அடியில் இருந்த ஆட்டுச் சந்தை விளம்பரத்தைப் பார்த்தாள்.

“அதை ஏன் மிஸ் முதல்ல வைக்கல?”

பெர்னடெட்டிடம் பதில் இருந்தது. அந்த முதல் வரி பிறந்த மாலை அவளுக்கு நினைவிருந்தது. அடுப்பில் காய் கொதிக்க, அதைச் சத்தமாக இரண்டு முறை படித்துப் பார்த்துச் சிரித்தாள். வரி அழகாக விழுந்த சந்தோஷத்தில் அது ஒரு மனிதர் மேல் விழப்போகிறது என்பது மறந்துபோனது. நன்றியை எழுதும்போது அப்படிச் சிரிப்பு வரவில்லை. அது கடைசிக்குப் போனது.

“முதல்ல வெச்சிருந்தா யாரும் மேல படிச்சிருக்க மாட்டாங்க, அதான்,” என்று டாராவே சொன்னாள். பேப்பரைக் கிழித்தெடுத்து நான்காக மடித்தாள். “அடுத்த வாரம் போடச் சொல்லாதீங்க. அவர் பேர் இன்னொரு தடவை இதுல வரவேண்டாம். காலையில இதைப் பாத்ததுலேர்ந்து அவர் கொல்லைப் பக்கம்கூடப் போகல.”

அன்று மாலை பெர்னடெட் நெவிலுக்குப் போன் செய்து கட்டம் வேண்டாம் என்றாள். “பயந்துட்டியா?” என்று அவர் சிரித்தார். ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. இந்த மனதோடு பலிபீடத்தின் முன் மண்டியிட அவளால் முடியாது. பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு தீயணைப்புக் கொட்டகைக்குப் போனாள். பயிற்சி முடிந்து, தண்ணீர் பீய்ச்சும் நீளத் துணிக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ராஸும் இருந்தார். கேப்டன் தொப்பி இல்லை. குழாய் கழுவ அது தேவையில்லை.

“என்ன, குறிப்பெடுக்க வந்தீங்களா?” என்றான் வண்டியின் மேல் நின்ற கெவ். “பேனா கொண்டாந்தீங்களா, இல்ல நாங்க குடுக்கணுமா?”

“வேலை இருந்தா குடுங்க,” என்றாள்.

“உங்களுக்குக் குடுக்க இங்க ஒண்ணும் இல்ல. கெளம்புங்க.”

ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. அவளும் கிளம்பவில்லை. சிமெண்ட் தரையில் நீளமாக விரித்திருந்த ஈரக் குழாயின் கோடியில் ராஸ் முழங்காலிட்டிருந்தார். மறுகோடியைப் பிடிக்க ஆள் இல்லாமல் அது பாம்பாய் நெளிந்து கிடந்தது.

“அந்த முனையை இழுத்துப் பிடி,” என்றார் ராஸ், யாரையும் பார்க்காமல்.

பித்தளை முனை கனமாகவும் சில்லென்றும் இருந்தது. அவள் பிடித்ததும் குழாய் நேரானது.

“ராஸ், அந்த முதல் வரி…”

“தளர விடாத.”

அவர் சுருட்டத் தொடங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே தங்கியிருந்த தண்ணீர் அவள் பக்கம் தள்ளப்பட்டு, அவள் மணிக்கட்டில் வழிந்து ஷூவுக்குள் இறங்கியது. கெவ் எதையோ முணுமுணுத்தான். ராஸ் முழங்காலாலேயே நகர்ந்து வந்தார். சுருள் பெரிதாகப் பெரிதாக இருவருக்கும் நடுவே தரை குறைந்தது. அவர் பிடரியில் தோல் உரிந்து புதிதாய் முளைத்த இளஞ்சிவப்புத் திட்டு இப்போது தெரிந்தது. அன்றைய நெருப்பில் பட்டிருக்க வேண்டும். கட்டுரைக்காக எத்தனையோ பேரை விசாரித்தவள், இதை யாரிடமும் கேட்கவில்லை.

கடைசி முழம் வந்ததும் அவர் நின்றார். முகம் நிமிரவில்லை. முனையை வாங்க, கறுத்த கை ஒன்று மட்டும் அவள் பக்கம் நீண்டு காத்திருந்தது.