பாசி சுரண்டிய கூரை

“தலமாட்ட மெல்லத் தூக்கு தம்பி, சொட்டு நெத்தியிலயே விழுது” என்று பக்கத்து வீட்டு நாகலிங்கம் சொல்ல, குமாரவேல் அப்பாவின் தோளுக்கடியில் கைகொடுத்தான். பிணத்தை நகர்த்துவது இது மூன்றாவது தடவை. பத்தடிக் காம்பராவில் இன்னும் எங்கேதான் நகர்த்துவது? சுவரோரம் கிடத்தினால் கால்மாட்டில் ஒழுகியது. கடைசியில் நாகலிங்கம், தன் மனைவி கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் தடித்த படங்குத் துணியைக் கொண்டுவந்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு மேலே கட்டினார். உயிரோடு இருந்தபோது அப்பா முத்துவீரனுக்கு யாரும் அப்படி ஒரு மறைப்புக் கட்டிக் கொடுக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்து லயத்தின் எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை. ஏழு வீட்டின் மேலும் பாசி மெத்தையாகத் தடித்துக் கிடந்தது. இந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் துருவேறிய தகரம் செக்கச்செவேலென்று தெரிந்தது. வந்த சனமெல்லாம் பக்கத்து வாசல்களில் நனையாமல் நின்றது. அண்ணாந்து கூரையைப் பார்த்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். யாராவது சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் குமாரவேலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாசியைச் சுரண்டியவன் அவன்தான். கலவான டவுன் பஜாரில் நுஹ்மான் முதலாளியின் துணிக்கடையில் அவனுக்கு வேலை. பாசியை விட்டால் கூரையைத் தின்றுவிடும் என்று முதலாளி ஆள் வைத்துக் கடைக் கூரை ஓடுகளைச் சுத்தம் செய்தார். ஓட்டுக்கு அது சரி. வெசாக் பண்டிகை லீவில் ஊருக்கு வந்தவன் அந்தப் புத்தியை நாற்பது வருசத் தகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். டவுனில் இரண்டு வருசம் இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மிதப்பு வருமே, அந்த மிதப்பு.

அன்றைக்கு அம்மா தண்ணீர்ப் பீலியில் துணி துவைக்கப் போயிருந்தாள். புல் செதுக்கும் சுரண்டியோடு அவன் ஏணியில் ஏறியபோது அப்பா வாசலில் நின்று கத்தினார்.

“அத தொடாதடா! தகரம் எப்பவோ போயிருச்சு. பாசிதான் கூரையா நிக்கிது.”

“ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. சும்மா தள்ளி நில்லுங்க.”

சுரண்டியதோடு விடாமல் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் விட்டான். அம்மா வந்து பார்த்துப் பூரித்துப் போனாள். மறுநாள் விடிந்ததும் படுத்தபடியே மேலே பார்த்தான். தகரமெங்கும் வெளிச்சப் பொட்டுகள். அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தார். “வர்ற வாரம் தார் வாங்கியாந்து பூசிர்றேன்” என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்துவிட்டு பஸ் ஏறினான். அந்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. லீவு இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். அந்தப் பொட்டுகளை மறுபடி பார்க்க அவனுக்கு முகமில்லை.

மழை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றாராம் டிஸ்பென்சரி ஐயா. நாலாம் நாள் அப்பா போய்விட்டார்.

மழை சற்று விட்டதும் தப்பு மேளச் சத்தத்தோடு எடுத்தார்கள். வாய்க்கரிசி போடக் குனிந்தபோது அப்பாவின் தலைமயிர் ஈரமாகக் கையில் பட்டது. குளிப்பாட்டிய ஈரம்தான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை.

குழியை மூடி, குளித்துவிட்டு அவன் திரும்பியபோது சனம் கலைந்திருந்தது. பொழுது இன்னும் சாயவில்லை, மழை மறுபடி வலுத்திருந்தது. அம்மா அடுப்போரம் பாய் விரித்துப் படுத்திருந்தாள். சொட்டு விழுந்து விழுந்து தோளில் சேலை நனைந்திருந்தது.

“அம்மா, அங்க ஒழுகுது. இங்கிட்டு வாம்மா.”

“ஒழுகட்டும்.”

“காச்ச வந்துரும்மா.”

“வரட்டுமே. அவருக்கு வந்துச்சில்ல?” அவள் கண்ணைத் திறக்கவில்லை. “காத்துக்கு தகரம் வெலகிருச்சுன்னாரு. அடுப்போரம் சூடா இருக்கும்னு நாந்தான் பாய இங்க போட்டுட்டு மலைக்கு வேலைக்கு போனேன். இங்கதான் ஜாஸ்தியா ஒழுகுதுன்னு அந்த மனுசன் ஒரு வார்த்த சொல்லல. கம்பளி ஏன் நனைஞ்சிருக்குன்னு கேட்டா, வேர்த்துச்சுங்கிறாரு. நாந்தான் தம்பி கொன்னுட்டேன்.”

அப்பா பழியைக் காற்றின்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அதை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். குமாரவேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கடைசிவரை தப்பிவிடலாம். அந்த நினைப்பு வந்ததற்கே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. இன்னொரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

“காத்து இல்லம்மா” என்றான். “பாசிய தொடாதன்னு அப்பா சொன்னாரு. நாந்தான் கேக்காம சொரண்டுனேன். மறுநாளே ஓட்டையெல்லாம் பாத்தேன். பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்.”

அம்மா கண் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ஒழுகாத மூலையில் விரித்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“நாகலிங்கம் வீட்டுல சோறு குடுத்தாங்க. சட்டியில இருக்கு” என்றாள், திரும்பாமலே.

அவன் சட்டியைத் தொடவில்லை. அடுப்போரத்து மண்தரையில் பாய் கிடந்த அளவுக்கு மட்டும் காய்ந்திருந்தது. அதன் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று விழுந்தது.