பசியோடு போகக் கூடாது

சிவபாலன் இறந்த பிறகு அந்த வீட்டில் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி அவன் மனைவி கீர்த்தி. இன்னொருவர் அவன் அப்பா நமச்சிவாயம். அம்மா அம்சவேணி அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அந்த சனியன்" என்பாள்.

நாயின் பெயர் மிக்சர். ஒரு மழை நாளில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து பேக்கரி வாசலில் நனைந்துகொண்டு நின்ற குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன் சிவபாலன்தான். "காது ஒரு தினுசு, வாலு ஒரு தினுசு. மிக்சர்னுதான் பேரு வெக்கணும்" என்று சொல்லிச் சிரித்தான். அப்போது அம்சவேணியும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அதை பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு செவிலிமேட்டுப் பக்கம் போவான். பாலாற்று மணலில் அவிழ்த்துவிட்டு ஓட விடுவான். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பைக் ரிப்பேரில் இருந்ததால் நடந்தே கிளம்பினான்.

"சோறு ஆயிடுச்சு, துன்னுட்டுப் போடா" என்றாள் அம்சவேணி.

"வந்து துன்றேன்மா."

திரும்பி வரும்போது சாவு ஊர்வலம் ஒன்றில் சரவெடி கொளுத்தினார்கள். மிக்சர் மிரண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு சாலையின் குறுக்கே பாய்ந்தது. பின்னாலேயே ஓடிய சிவபாலனை ஒரு லோடு வேன் அடித்தது. நாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. கழுத்துக் கயிறு தரையில் புரள, அது தானாக வீடு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்சவேணி தெருவுக்கு வந்து, "எங்க அவன்?" என்று நாயையே கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை. மருமகளையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீ வந்த நேரம்" என்று சொந்தக்காரி ஒருத்தி காரியத்தன்று ஆரம்பித்தபோது, "அவள ஒண்ணும் சொல்லாத. எல்லாம் அந்த சனியனால வந்தது" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். இருந்த கோபம் முழுவதையும் நாயின் மேல் போட்டுவிட்டதால் மற்றவர்களுக்கு மிச்சம் இல்லாமல் போயிற்று. மிக்சருக்குச் சோறு வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் கீர்த்தியும் நமச்சிவாயமும் பார்த்துக்கொண்டார்கள்.

கீர்த்தி ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். சிவபாலன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன நிலையில் ஜெர்மனியில் ஒரு வேலை கிடைத்தது. வீட்டில் சொல்லத் தயங்கினாள். நமச்சிவாயம் தறியிலிருந்து எழுந்து வந்து, "போம்மா. எங்க மூஞ்சியவே பாத்துக்கினு எத்தினி நாளு உக்காந்துக்கினு இருப்ப? உனக்கு வயசு இருக்குது" என்றார்.

அம்சவேணி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "போ. ஆனா அதையும் இட்டுக்கினு போயிடு. நீயும் இல்லாத வீட்ல அது மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று கீர்த்தியின் அண்ணன் சொன்னான். அவள் காதிலேயே வாங்கவில்லை. அயல்நாட்டில் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது உள்ளே சிவபாலனைத் தெரிந்த ஒரு ஜீவன் இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாயை விமானத்தில் கொண்டுபோவது நினைத்ததைவிடப் பெரிய வேலையாக இருந்தது. தோலுக்கடியில் ஒரு சிப் வைக்க வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி போட்டு, ரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு நன்றாக வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நல்லவேளையாக கம்பெனி அவள் சேரும் தேதியைத் தள்ளிப் போட்டது. நாய்க்குத் தனியாக இடம் பதிவு செய்தார்கள். விமானத்தின் அடிவயிற்றில், பெட்டிகள் வைக்கும் பகுதியில், அதற்கென்று காற்றும் சூடும் உள்ள அறையில் வரும். கீர்த்தி மேலே உட்கார்ந்திருப்பாள்.

அதற்காக வாங்கிய பிளாஸ்டிக் கூண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தது. கூண்டுக்குள் இருக்க அதைப் பழக்க வேண்டும் என்று கால்நடை டாக்டர் புவனேஸ்வரி சொல்லியிருந்தாள். முதல் வாரம் மிக்சர் பக்கத்திலேயே போகவில்லை. கீர்த்தி பீரோவிலிருந்து சிவபாலனின் பழைய லுங்கி ஒன்றை எடுத்து உள்ளே விரித்தாள். அது முகர்ந்து பார்த்தது. உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. மாலையில் வேலையிலிருந்து திரும்பியபோது கூண்டில் லுங்கி இல்லை. நாய் வெறும் பிளாஸ்டிக் மேல் படுத்திருந்தது.

"என் புள்ள கட்டின துணி. நாய் படுக்கறதுக்கா வெச்சிருக்கேன்?" என்றாள் அம்சவேணி. அவள் கண் சிவந்திருந்தது. கீர்த்தி தன் பழைய புடவை ஒன்றை விரித்தாள்.

ஆனால் அந்த மாதங்களில் பகல் முழுக்க வீட்டில் இருந்தது அம்சவேணியும் மிக்சரும்தான். கீர்த்தி விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவாள். நமச்சிவாயம் நெசவாளர் சொசைட்டிக்கும் சாயப் பட்டறைக்குமாக அலைவார். ஒருநாள் மத்தியானம் தெருவில் ஒரு பைக் வந்தது. சிவபாலனின் பைக் மாதிரியே சத்தம். அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்சவேணி சட்டென்று எழுந்தாள். அதே நேரம் கூண்டிலிருந்து மிக்சரும் எழுந்து கேட் பக்கம் ஓடியது. பைக் நிற்காமல் போய்விட்டது. இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். நாய் திரும்பி அவளைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

இதை அவளே இரவு சாப்பாட்டின்போது சொன்னாள். "அதுக்கும் தெரிஞ்சிருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நமச்சிவாயம் கீர்த்தியைப் பார்த்தார். அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் போல இருந்தது.

கிளம்பும் நாள் வந்தது. டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லியிருந்தாள். "காலையில கொஞ்சமா குடுங்க. அப்புறம் தண்ணி மட்டும்தான். வயிறு காலியா இருக்கணும். பயத்துல வாந்தி எடுக்கும். உள்ள பாத்துக்க ஆள் கிடையாது." கீர்த்தி இதை வீட்டில் பொதுவாகச் சொல்லியிருந்தாள். நாயோடு பேசாத அம்சவேணியிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மாலை கார் வந்துவிட்டது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிக்சரைக் கூப்பிட கீர்த்தி பின்கட்டுக்குப் போனாள். அங்கே துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் அம்சவேணி குந்தியிருந்தாள். முன்னால் அலுமினியத் தட்டு. பருப்புச் சோற்றில் நெய் ஊற்றிப் பிசைந்து வைத்திருந்தாள். நாய் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் அவள் கை இருந்தது.

"காலைல இருந்து வெறும் வயிறா இருக்குது" என்றாள், தலையைத் தூக்காமல். "அவனும் அப்படித்தான் போனான். பசியோட போகக் கூடாதும்மா."

கீர்த்திக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் இல்லை. இனி என்ன சொல்லி என்ன. இத்தனை நாள் கழித்து அந்தக் கை அங்கே இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வேளைச் சோறு, ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

கூண்டைக் காரின் பின்னால் வைத்ததும் அம்சவேணி வண்டிவரை வந்தாள். கம்பி வழியாக விரலை நீட்டினாள். "இங்கயே இருக்கட்டுமே" என்றாள், யாருக்கும் சொல்லாதது போல.

எல்லாம் முடிந்திருந்தது. டிக்கெட், அனுமதி, அங்கே வாடகைக்குப் பிடித்த, நாயை அனுமதிக்கும் வீடு. அதோடு, கீர்த்திக்கும் அது வேண்டியிருந்தது. "போய்ச் சேந்ததும் வீடியோல காட்டறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

சென்னை விமான நிலையத்தில் கூண்டை எடைபோட்டு, பட்டை ஒட்டி, தள்ளுவண்டியில் வைத்தார்கள். மிக்சர் குரைக்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தது. எச்சில் ஒழுகியது. கீர்த்தி கம்பியோடு முகத்தை ஒட்டி, "கொஞ்ச நேரந்தான்டா" என்றாள். ஒரு ரப்பர் திரை விலகியது. வண்டி உள்ளே போனது. திரை மூடிக்கொண்டது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, விலங்குகளை ஒப்படைக்கும் கட்டிடத்துக்கு வழி கேட்டுப் போனாள். அவள் பெயரைச் சொன்னதும் கவுண்டரில் இருந்த இளைஞன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், எழுந்து உள்ளே போனான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தாள். அங்கே பணியில் இருந்த கால்நடை மருத்துவர். முதலில் உட்காரச் சொன்னாள். அப்போதே கீர்த்திக்குத் தெரிந்துவிட்டது.

வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்திருக்கிறது என்று அந்தப் பெண் மெதுவாக, எளிய ஆங்கிலத்தில் சொன்னாள். இறக்கும்போதே உயிர் இல்லை. வயிறு நிறைய உணவு இருந்திருக்க வேண்டும். "புறப்படுவதற்கு முன்னால் ஏதாவது கொடுத்தீர்களா?"

கீர்த்தி, "ஆமாம். நான்தான்" என்றாள்.

பார்க்க விட்டார்கள். உடம்பைத் துடைத்து ஒரு விரிப்பில் கிடத்தியிருந்தார்கள். மீசை மயிரில் மட்டும் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்து நமச்சிவாயத்துக்குப் போன் செய்தாள். அவரிடம் எதையும் மறைக்க முடியவில்லை. பின்கட்டில் பார்த்தது, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"மாமா?"

"இருக்கேம்மா. அவகிட்ட சொல்லாத. இப்பதான் ஒரு வாய் ஒழுங்கா துன்றா. அது போய்ச் சேந்துச்சான்னு காலைல இருந்து என்னக் கேட்டுக்கினே இருக்கறா."

"எவ்ளோ நாளைக்கு மாமா மறைக்கிறது?"

"தெரியல. இன்னிக்கு சொல்லாத."

இன்னிக்கு என்பது மூன்று வாரம் ஆயிற்று. அம்சவேணி தினமும் கூப்பிட்டாள். முன்பெல்லாம் மருமகளோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், இப்போது கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே குளிர் தாங்குமா? என்ன சாப்பாடு வைக்கிறாய்? வெளியில் கூட்டிப் போகிறாயா? கீர்த்தி சொன்னாள். தூங்குகிறது. இடம் புதுசு, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் வாக்கிங் கூட்டிப் போயிருக்கிறாள். ஒவ்வொரு பொய்க்கும் பிறகு வெறும் அறையைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் அவள் அலுவலகம் போக ரயிலுக்காக நின்றிருந்தபோது போன் வந்தது.

"வீடியோ வேணாம்" என்றாள் அம்சவேணி. "அது இல்லதானே?"

கீர்த்தி தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"உன் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. நான் அது பேச்சை எடுத்தா தறிகிட்ட போயி உக்காந்துக்கறாரு. சொல்லு."

"ஆமா அத்தை. இல்ல."

"எப்போ?"

"ஃபிளைட்லயே."

ரயில் வந்து நின்றது, கதவுகள் திறந்தன, ஆட்கள் ஏறினார்கள். கீர்த்தி ஏறவில்லை.

"நான் வெச்ச சோறா?" என்றாள் அம்சவேணி.

அந்தக் கேள்வி வரும் என்று கீர்த்திக்கு மூன்று வாரமாகத் தெரியும். ஒரு சாவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டு அந்த வீடு எப்படி நாளைக் கழித்தது என்று அவள் கூடவே இருந்து பார்த்தவள். இந்த முறை அம்சவேணி பழியைப் போட வேறு யாரும் இல்லை, தன்னைத் தவிர.

"இல்ல அத்தை. இதயம். பொறந்ததுல இருந்தே கோளாறு இருந்திருக்குதாம். இங்க டாக்டர் பாத்துட்டு சொன்னாங்க. தரையில இருந்திருந்தாகூட ரொம்ப நாள் தாங்கியிருக்காதாம்."

"சத்தியமா?"

"சத்தியமா அத்தை."

"வயித்துல கோளாறு ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

அம்சவேணி அழ ஆரம்பித்தாள். முதலில் நாய்க்காக அழுதாள். மிக்சர், மிக்சர் என்று அவள் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கீர்த்தி வெகுநாள் கழித்துக் கேட்டாள். பிறகு சிவபாலா என்று கூப்பிட்டு அழுதாள். மகன் செத்தபோது கல்லாகக் கிடந்தவள் அவள். கீர்த்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு ரயில்கள் வந்து போயின. பக்கத்தில் உட்கார வந்த ஒரு கிழவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாள் நமச்சிவாயம் மொட்டை மாடியிலிருந்து பேசினார். "நேத்து நல்லா தூங்கினாம்மா. ரொம்ப நாளு கழிச்சி. இன்னிக்கு வரதராஜர் கோயிலுக்குப் போயிட்டு வரேன்னு சின்ன காஞ்சிபுரத்துக்குக் கெளம்பிட்டா."

"நீங்க தூங்கினீங்களா மாமா?"

"நீ நல்ல காரியம் பண்ண" என்றார் அவர். பிறகு, "நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்றார்.

அம்சவேணி இப்போதும் கூப்பிடுகிறாள். குரல் தெளிந்திருக்கிறது. கோயில் கூட்டம், அக்கம்பக்கத்துக் கல்யாணம், காய் விலை என்று பேசுகிறாள். "இன்னொரு நாய் வளத்துக்கயேன், தனியா இருக்கறியே" என்று ஒருநாள் சொன்னாள். கீர்த்தி பார்க்கலாம் என்றாள். பேசி முடித்ததும் போன் நமச்சிவாயம் கைக்குப் போகும். மனைவி பக்கத்திலேயே இருப்பதால் அவர் வேறு எதுவும் கேட்பதில்லை.

"குளிருதாம்மா?" என்பார்.

"குளிருது மாமா."

"போத்திக்கினு படு."

"சரி மாமா."