ஐந்தாவது வரிக்கு ஒரு ‘ம்’

பக்கத்து வீட்டுப் பெனிட்டா பதினோரு நாளாக வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நாக்கின்மேல் ஒரு கவளம் பருப்புச் சோறு அப்படியே இருக்கிறது. அவள் விழுங்காததற்கு நான்தான் பொறுப்பு.

நான் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவன். எழுத எழுத அதை வாசித்துத்தான், வரிக்கு ஒரு கவளமாக, அவளுக்குச் சோறு ஊட்டுவார்கள். இந்தக் கதை ஐந்தாவது வரியில் நின்றுவிட்டது. ஆமை கிணற்றை எட்டிப் பார்க்கிறது. அதற்குமேல் வரவில்லை. நானென்ன வேண்டுமென்றா நிறுத்தினேன்?

அவள் அம்மா ஜெசிந்தா தினமும் காலையில் வாசலில் வந்து நிற்பாள். திட்டமாட்டாள். கிண்ணத்தை மட்டும் காட்டுவாள். இன்று கேட்டேவிட்டாள்.

“அண்ணாச்சி, ஒரு வரிதான. பிள்ள மெலிஞ்சிட்டா.”

கதை இலாகாவுக்குப் போனேன். நடக்க நடக்க நடைகூடம் நீண்டது. பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. ஊறுகாயையும் விடவில்லை.

அதிகாரிக்குத் தலை இருக்கவேண்டிய இடத்தில் மேஜை விசிறி இருந்தது. அது என் பக்கம் திரும்பும்போது மட்டும் பேசினார். ஒரு வரிக்கு ஒரு ‘ம்’ கொட்ட ஆளில்லாமல் அடுத்த வரி எப்படி வரும் என்றார். இதுவரை யார் கொட்டியது என்று கேட்டார். என் மகள் இறையரசி என்றேன். போன ஆடியில் காய்ச்சலில் செத்துப்போனாள் என்றேன். படிவத்தில் ‘விடுப்பு’ என்று எழுதிக்கொண்டார்.

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வைத்தார்.

“உங்க பிள்ளையோடது. அவ விட்டுட்டுப் போனதுலதான் இத்தன நாளு ஓடுச்சு. இனி ஒண்ணுதான் மிச்சம். தெறந்தா தீந்துரும்.”

வேறு யாருடையதாவது கிடைக்குமா என்றேன். விசிறி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டைத் தாண்டி மூன்று தெரு நடந்தேன். கொடுக்க மனமில்லை. யார் பிள்ளையோ எப்படியோ போகட்டும் என்றுகூட நினைத்தேன். பிறகு திரும்பி வந்தேன்.

பெனிட்டாவின் முன்னால் உட்கார்ந்து ஐந்தாவது வரியை வாசித்தேன். தீப்பெட்டியைத் திறந்தேன்.

“ம்” என்றாள் என் மகள். சளி பிடித்த குரல். அவ்வளவுதான்.

ஆறாவது வரி வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஆமையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பெனிட்டா மென்றாள். விழுங்கினாள். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பெனிட்டா அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள். கிண்ணம் நிறையச் சோறு இருந்தது.