படலையில் நின்ற விண்ணப்பம்

கௌசலா யாருக்கும் "இல்லை" என்று சொன்னது கிடையாது. முள்ளியவளை 'வயல்மணி' கமக்காரர் கூட்டுறவில் அறுவடை மெசின் பதிவுக்குப் பொறுப்பாக இருந்த பதினொரு வருடத்தில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. மெசின்கள் எல்லாம் வயலில் நிற்கும். கேட்க வந்தவரோ வெயிலில் சைக்கிள் உழக்கிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். கௌசலா அவருக்குத் தண்ணீர் கொடுப்பாள், பேரைக் கொப்பியில் எழுதுவாள், "பார்ப்பம் அண்ணை" என்பாள். அண்ணைக்கு விளங்கிவிடும். நேரே போய் வேறு யாரையாவது பிடிப்பார். இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை, பிரஷாந்தினி கொம்பியூட்டரோடு வந்து சேரும்வரை.

பிரஷாந்தினி வவுனியாக் கம்பசில் படித்து முடித்து, கிளிநொச்சி ரவுணில் ஒரு ரயர்க் கடையின் மேல்மாடியில் மேசை போட்டிருந்தவள். அவளிடம் வந்த வேலை சொல்லுவதற்குச் சுலபமானது. தர்மபுரத்து 'செந்நெல்' கூட்டில் மெசின் பதிய ஒரு கொம்பியூட்டர் முறை இருந்தது. முள்ளியவளை 'வயல்மணி'யில் இன்னொன்று. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் செய்திருந்தார்கள். ஒன்று ஏக்கரில் கணக்கு வைக்கும், மற்றது மணித்தியாலத்தில் வைக்கும். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் பிடிபடாது. ஆனால் தர்மபுரத்தில் மெசின் முடிந்துவிட்டால் விண்ணப்பம் முள்ளியவளைக்குப் போகவேண்டும், அங்கிருந்து பதில் திரும்பி வரவேண்டும். ஆகவே பிரஷாந்தினி இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். இவர்கள் சொல்லுவதை அவர்களுக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுப்பதும், அவர்கள் பதிலை இவர்களுக்கு விளங்கும்படி மாற்றித் தருவதும் அதன் வேலை. அவள் அதைக் 'கேட்வே' என்றாள். தர்மபுரத்துச் செயலாளர் செல்வராசா முதல் கூட்டத்திலேயே அதை, வீட்டு வேலிக் கதவுக்குச் சொல்லுகிற 'படலை' ஆக்கிவிட்டார். அந்தப் பேர்தான் நிலைத்தது.

முதல் கிழமையே ஒரு கூத்து நடந்தது. தங்கராசா என்பவரின் விண்ணப்பம் முள்ளியவளைக்குப் போய்ப் பதிலுக்காக நிற்கும்போதே, தர்மபுரமும் அவருக்கு ஒரு மெசினைக் கொடுத்துவிட்டது. மூன்று ஏக்கருக்கு இரண்டு மெசின் வந்து முகத்துக்கு முகம் நின்றன. சாரதிகள் இருவரும் வரம்பில் நின்று தர்க்கப்பட, தங்கராசாவின் மனைவி இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றியே களைத்துப்போனார். பிரஷாந்தினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே ஒரு பூட்டுப் போட்டாள். படலைக்குள் போன விண்ணப்பத்தை, பதில் வரும்வரை யாரும் தொட முடியாது. "ஓம்" என்று வந்தால் முள்ளியவளை மெசின் வரும். "இல்லை" என்று வந்தால் பூட்டுத் திறந்து, விண்ணப்பம் தர்மபுரத்து வரிசைக்கே திரும்பும். கௌசலாவின் திரையில் இதற்காக இரண்டு பொத்தான்கள் வைத்துக் கொடுத்தாள்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பிரஷாந்தினியின் போன் அடித்தது.

"புள்ள, நான் தர்மபுரத்துல இருந்து வடிவம்மா பேசுறேன். என் ரெண்டு ஏக்கரு உங்க படலையில நிக்குதாம். ஒன்பது நாளாச்சு."

"ஒன்பது நாளோ அம்மா? இருக்காதே."

"நேத்து எங்க ஊருலயே ஒரு மெசின் சும்மா நின்னுச்சு புள்ள. செயலாளருகிட்ட கேட்டேன். கொம்பியூட்டர் விடாதுன்னுட்டாரு. நாளைக்குச் சாயந்தரம் மழைன்னு ரேடியோவுல சொல்றாங்க. போன வருசம் விழுந்த நெல்லு அப்பிடியே முளைச்சுப் போச்சு. வருசம் பூராவும் சோத்துக்கு அரிசி விலைக்குத்தான் வாங்கினேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. நான் வேற வழி பாத்துக்குவேன். இப்பிடி நிக்க வைக்கிறதைத்தான் தாங்க முடியல."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் பிரஷாந்தினிக்கு இவ்வளவு சுட்டிருக்காது. பெட்டியைத் திறந்து பார்த்தாள். வடிவம்மா மட்டுமல்ல, நாற்பத்தொரு விண்ணப்பங்கள் உள்ளே நின்றன. இணைப்பில் பழுதில்லை. எல்லாம் முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பதில்தான் ஒன்றுக்கும் இல்லை.

கௌசலாவுக்குப் போன் எடுத்தாள். "அக்கா, நாற்பத்தொரு விண்ணப்பம் உங்களிட்டை நிக்குது."

"ஓம் தங்கச்சி, தெரியும். பார்ப்பம்."

பிரஷாந்தினி ஸ்கூட்டியை எடுத்தாள். பரந்தனில் திரும்பி, தர்மபுரம் தாண்டி, புதுக்குடியிருப்பில் ஒரு சோடா குடித்து, முள்ளியவளைக்குப் போய் இறங்கும்போது தலைமுடியெல்லாம் செம்மண். கௌசலாவின் மேசைக்கு முன்னால் ஒரு கமக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "பார்ப்பம் அண்ணை" என்றாள் கௌசலா. அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய், சைக்கிளில் ஏறமுதலே வேறு யாருக்கோ போன் போட்டார். பிரஷாந்தினிக்கு ஒன்பது நாள் மர்மம் அந்த இடத்திலேயே அவிழ்ந்தது.

"அக்கா, மெசின் இல்லாட்டி ஏன் நீங்கள் 'இல்லை'யை அமத்தேல்லை?"

கௌசலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அறுவடை நேரத்தில வந்து கேக்கிற சனத்துக்கு இல்லை எண்டு சொல்லுறதோ? நல்லா இருக்கே கதை! நீர் சொல்லுவீரோ?"

"இது சனமில்லை அக்கா, கொம்பியூட்டர்."

"கொம்பியூட்டரோ வயல் விதைச்சது? அதுக்குப் பின்னால ஒரு ஆள் நிக்குதுதானே."

பிரஷாந்தினி படித்த பிள்ளை அல்லவா, விடவில்லை. "அப்ப நான் ஒண்டு செய்யிறன். பத்து நிமிசத்துக்குள்ள நீங்கள் ஒண்டும் அமத்தாட்டி, இல்லை எண்டு அதுவே எடுக்கட்டும். உங்களுக்கும் பாவமில்லை."

"நான் சும்மா இருந்தால் இல்லை எண்டு அர்த்தமெண்டு உமக்கு ஆர் சொன்னது?" கௌசலா மேசை லாச்சியை இழுத்து அந்தக் கொப்பியை எடுத்துப் போட்டாள். பேர், ஊர், எத்தனை ஏக்கர் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பாதிப் பேருக்குக் கிட்ட நீலப் பேனையால் சரி போட்டிருந்தது. "இதெல்லாம் பார்ப்பம் எண்டு சொல்லிப் பிறகு பார்த்துக் குடுத்தது. ஆரோ ஒராளின்ர மெசின் ஒரு மணித்தியாலம் முந்தி முடியும். ஒட்டுசுட்டானில ஒருத்தன் மெசினோட சும்மா நிப்பான். போனுக்கு மேல போன் எடுத்துத்தான் பிடிக்கிறது. உம்மட வடிவம்மாவுக்கும் நாலு பேரிட்டைக் கேட்டு வைச்சிருக்கிறன்."

தான் போட்ட பூட்டு எவ்வளவு மொக்குப் பூட்டு என்று பிரஷாந்தினிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் மூன்று பதில் இருக்கிறது. அவள் இரண்டுக்குத்தான் பொத்தான் வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மாவே கலியாணப் பேச்சுக்கு வருகிறவர்களிடம் மூன்றாவதைத்தான் சொல்லி அனுப்புகிறார், இருந்தும் அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

மடிக்கணினியை அங்கேயே திறந்தாள். மூன்றாவது பொத்தான்: 'பார்ப்பம்'. அதை அழுத்தினால் பூட்டுத் திறந்து, விண்ணப்பம் தர்மபுரத்துக்குத் திரும்பும், அங்கே மெசின் இருந்தால் கொடுக்கலாம். பேர் மட்டும் கௌசலாவின் பட்டியலில் இருக்கும். பின்னேரம் மூன்று மணிக்கு, கௌசலாவின் சாப்பாட்டில் பாதியையும் முடித்து, வேலையையும் முடித்தாள்.

கௌசலா நாற்பத்தொரு பேரையும் வாய்விட்டு வாசித்து வாசித்து அழுத்தினாள். இவ்வளவு சந்தோசமாகக் கொம்பியூட்டரைத் தொட்ட ஆளைப் பிரஷாந்தினி கண்டதில்லை. பாதியில் பிரஷாந்தினிக்குச் செல்வராசாவின் போன் வந்தது, அவள் எழும்பி வெளியே போய் எடுத்தாள். "பிள்ளை, படலை திறந்திட்டுது! வடிவம்மாவுக்கு நாளைக்குப் பத்து மணிக்கு எங்கட மெசின்."

வெள்ளிக்கிழமை பிரஷாந்தினி மற்ற வேலைகளை விட்டுவிட்டு வடிவம்மாவின் வயலுக்குப் போனாள். கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறும் போலிருந்தது. பத்து மணி மெசின் பதினொன்றரைக்கு வந்தது. வடிவம்மா தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, வழிவிட்டார். மெசின் அரை ஏக்கர் வெட்டியது. பிறகு உள்ளே ஏதோ படாரென்று அடித்து, கறுத்த புகை விட்டு, நின்றது.

"பெல்ட் அறுந்திட்டுது. பரந்தனிலதான் எடுக்கவேணும். பின்னேரமாகும்" என்றான் சாரதி, வடிவம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

முல்லைத்தீவுப் பக்கத்து வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது. வானொலிக்காரர் சொன்ன சாயந்தரம்வரை அது காத்திருக்கும் போலத் தெரியவில்லை. பிரஷாந்தினி செல்வராசாவைக் கூப்பிட்டாள். அவரிடம் வேறு மெசின் இல்லை. கௌசலாவின் போன் ஓயாமல் வேலையாகவே இருந்தது. வடிவம்மா வரம்பில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். ஒன்றரை ஏக்கர், ஒரு அரிவாள். பிரஷாந்தினிக்கு அழுகை வந்தது. அவளுக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது என்பதில் அழுகை இன்னும் கூடியது.

அப்போதுதான் வயலுக்கு வரும் ஒழுங்கையில் ஒரு லொறி திரும்பியது. அதன் முதுகில் ஒரு சிவப்பு மெசின். சாரதி தலையை வெளியே நீட்டினான்.

"இங்கை வடிவம்மா எண்டது ஆர்? நான் சுஜிதன். கௌசலாக்கா அனுப்பினவா. ஒட்டுசுட்டானில ஒரு வயல் வெள்ளன முடிஞ்சுது."

நடந்தது என்னவென்று பிரஷாந்தினிக்குப் பிடிபட்டது. தர்மபுரம் இவருக்கு மெசின் கொடுத்தாயிற்று, இனித் தேடவேண்டாம் என்ற செய்தியைப் படலை முள்ளியவளைக்குத் திருப்பிச் சொல்லியிருக்கவேண்டும். அவசரத்தில் அந்தப் பகுதியை அவள் எழுதவே இல்லை. ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு மெசின். தங்கராசாவின் வயலில் நடந்த அதே பிழை, இந்தமுறையும் அவளுடைய கையால்தான். அன்றைக்கு வெட்கப்பட்டவள் இன்றைக்கு வரம்பில் நின்று துள்ளினாள்.

சுஜிதன் தேத்தண்ணி கேட்கவில்லை. நேரே இறக்கி, நேரே வெட்டினான். பழுதான மெசின்காரனும் சாக்குப் பிடித்தான். பிரஷாந்தினி சாக்கு வாய் கட்டினாள், அது அவளுக்கு வந்தது. கடைசி மூட்டை வடிவம்மாவின் விறாந்தைக்கு ஏறி ஐந்து நிமிடம் இருக்காது, மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியது. வடிவம்மா மூட்டைகளின்மேல் கையை வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து அழுதார்.

அந்த இரைச்சலுக்குள் கௌசலாவின் போன் கிடைத்தது.

"அக்கா, ஒரு விசயம் சொல்லவேணும். தர்மபுரம் நேற்றே இவாவுக்கு ஒரு மெசின் குடுத்திட்டுது. அது உங்களுக்குத் தெரிய வரேல்லை. என்ர பிழை."

"தெரிஞ்சிருந்தால்?"

"தெரிஞ்சிருந்தால் நீங்கள் தேடியிருக்க மாட்டியள்."

அந்தப் பக்கம் முள்ளியவளையிலும் மழை பெய்வது கேட்டது.

"உம்மட கொம்பியூட்டர்க் கதை எனக்கு விளங்காது தங்கச்சி" என்றாள் கௌசலா. "பார்ப்பம் எண்டு சொன்னனான். பார்த்தனான்."